விட்டுப்போன இடம்

மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு வாய் வேண்டும். எனக்கு இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. இருமல் மருந்துக்கு வந்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு மருந்தைக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். அவரும் பேச்சு சுவாரசியத்தில் வாங்காமலே போய், பாதித் தெருவிலிருந்து இருமிக்கொண்டே திரும்பி வந்தார். அப்பேர்ப்பட்ட வாய், பேச வேண்டிய இரண்டு இடத்தில் சரியாகப் பேசவில்லை. ஓர் இடத்தில் பாதி பேசியது, இன்னோர் இடத்தில் பூட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோஜனம் என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

என் கடையை ஒட்டினாற்போல் கண்ணாடிக் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர். ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் அவரை அண்ணே என்பேன், அந்த அம்மாவை அண்ணி என்பேன். தெருவில் மற்றவர்களுக்கு அவர் 'அளவு'. எதையும் அளவு சொல்லாமல் அவரால் பேச முடியாது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒன்று ஒரு நூல். கண்ணாடிக்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் அதுதான் கணக்கு. அண்ணனுக்கு உலகமே நூல் கணக்குத்தான். மழை எப்படிண்ணே என்றால், "நேத்துக்கு ரெண்டு நூல் கம்மி" என்பார். தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தாலும், "இன்னைக்கு ஒரு நூல் கூடத்தான் இருக்கு தம்பி" என்பார்.

அளவெடுப்பதும் மாட்டுவதும் அவர் வேலை. வெட்டுவது அண்ணி. கம்பளி விரித்த மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, கட்டரின் குட்டிச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, மரச்சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பு. கிர்ர்ரென்று ஒரு சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அறுபடாமல் போகும். பிறகு மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. 'டக்'. நாள் முழுக்க இந்த இரண்டு சத்தமும் சுவர் வழியாக எனக்கு வந்துகொண்டிருக்கும். சத்தம் நடுவில் அறுந்தால், அந்த இடத்தில் கோடு விழவில்லை என்று எனக்கே தெரியும், அவ்வளவு பழக்கம்.

அண்ணி அடுப்படியில் இருக்கும்போது அண்ணன் சில நேரம் கட்டரை எடுப்பார். அன்றைக்கு எனக்கு வேடிக்கைதான். சத்தம் கேட்டு அண்ணி ஓடி வருவார்.

"நடுவுல விட்டுட்டய்யா. சத்தம் அறுந்துச்சு பாரு."

"இரு, அந்த எடத்துல மட்டும் இன்னொரு தடவ இழுத்துக்கறேன்."

"கைய எடுய்யா! விட்டது விட்டதுதான். ஒரு கோட்டுல ரெண்டு தடவ போனா கண்ணாடி கண்டபடிக்கு உடையும்னு எத்தன வருஷமா கத்தறேன்? காதுல என்ன மக்கு பூசியா வச்சிருக்க?"

மக்கு என்பது சட்டத்தில் கண்ணாடியை ஒட்டவைக்கும் பசை. நான் சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டைகளை அடுக்குவேன்.

அண்ணனுக்கு இரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்ததே நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தலை கனக்கிறது என்று தொடர்ந்து நான்கு நாள் வந்து நின்றார். கையை நீட்டச் சொல்லி, கருவியைச் சுற்றிப் பார்த்தேன். நூற்று எழுபதுக்கு நூறு. "மாத்திரை கெடையாது, டாக்டர்கிட்டப் போங்க" என்று விரட்டினேன். டாக்டரம்மா இரண்டு மூன்று தடவை வரவழைத்துப் பார்த்துவிட்டு, தினமும் காலையில் ஒரு மாத்திரை என்று எழுதினார். வீட்டில் உப்பு குறைந்தது. அண்ணன் தட்டோடு கடை வாசலுக்கே வந்துவிடுவார்.

"தம்பி, இத ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு. மனுஷன் சாப்பிடறதா?"

"நல்லாத்தானண்ணே இருக்கு."

"ஒரு நூல் உப்பு போடச் சொல்லு உங்க அண்ணிய. ஒரே நூல்!"

உள்ளேயிருந்து குரல் வரும். "நூலும் கெடையாது, ஊசியும் கெடையாது. சத்தமில்லாம சாப்பிடுய்யா."

மாத்திரை ஒழுங்காகப் போனது. தலைக்கனமும் போனது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு. "அளவு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மேசையில் தாளம் தட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் காற்றுக்காலம் வந்தது. சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டு உடைகிற காலம். அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது. வெளியூரில் புதிதாகக் கட்டின ஒரு கட்டடத்துக்குச் சன்னல் மாட்ட அண்ணன் மூன்று நாள் போனார். உளி, சுத்தி, மக்கு டப்பா, மாற்றுச்சட்டை எல்லாம் போனது. மாத்திரை மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையிலேயே தங்கிவிட்டது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குத் திரும்பி வந்தவர், நேராக என் கடைக்கு வந்தார். எனக்கு அன்றைக்குச் சரக்கு வந்திறங்கிய நாள். எட்டுப் பெட்டி. இரண்டில் கட்டுப் பிரிந்து, சிரப்பு பாட்டில் ஒன்று உடைந்து, கையெல்லாம் பிசுபிசுப்பு. குனிந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்த மாத்திரை மூணு நாளா போடல. இங்கயே வச்சுட்டுப் போயிட்டேன்."

"என்னண்ணே நீங்க!"

"மறந்துட்டேன்ப்பா. தல வேற கனமா இருக்கு. இப்பப் போட்டுக்கவா?"

"போட்டுக்கங்க, போட்டுக்கங்க. விட்டுடாதீங்க."

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் சொன்னது, இன்றைக்கு உள்ளதைப் போடுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்று. அவர் எடுத்துக்கொண்டது, மூன்று நாள் விட்டதையும் விட்டுவிடாதீர்கள் என்று. பன்னிரண்டு சன்னலுக்கு ஒப்புக்கொண்டால் பன்னிரண்டையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கை கழுவுகிற மனுஷன். ஒரு நாள் வேலை விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துச் செய்கிறவர். அவர் காதில் என் பேச்சு வேறெப்படி விழும்? பலகையில் இருந்த அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை உடைத்து, ஒரே மடக்குத் தேநீரில் விழுங்கிவிட்டார். மூன்று விட்டது, ஒன்று அன்றைக்கு.

எனக்குப் பின்னாலேயே கருவி இருந்தது. கையை நீட்டுங்கண்ணே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை போடப் போறீங்க என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம்? உடைந்த சிரப்பு பாட்டிலுக்கு அழுதுகொண்டிருந்தேன், மடையன்.

பத்து மணி இருக்கும். பெரிய கண்ணாடி ஒன்றை மேசைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. காற்று ஏறுவதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் அவசரப்பட்டார்கள். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தட்டிலிருந்து அதை உருவினார். அந்தப் பக்கம் அண்ணி பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அண்ணன் எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. கண் இருட்டி, அப்படியே முன்னால் சாய்ந்தார்.

கண்ணாடி வேலைக்காரர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். கண்ணாடி நழுவினால் பிடிக்காதே, விட்டுவிட்டுப் பின்னால் போ. முப்பது வருடத்தில் அண்ணி எத்தனையோ கண்ணாடியை அப்படி விட்டிருக்கிறார். அன்றைக்கும் விட்டார். ஆனால் பின்னால் போகவில்லை, அண்ணன் பக்கம் பாய்ந்தார்.

சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணன் தரையில் கிடந்தார், வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அண்ணி அவர் தலையை மடியில் வைத்திருந்தார். அண்ணியின் வலது கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. அவரப் பாரு, அவரப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் அண்ணியை நேராக அறுவைசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனுக்கு அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. காலை உயர்த்திப் படுக்கவைத்து, ஊசியில் நீர் ஏற்றினார்கள். மத்தியானம் கொஞ்சம் தெளிந்தார். அவரைப் பார்க்கிற அதே டாக்டரம்மா வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில், அண்ணனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் கையில் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

"காலையில எத்தன மாத்திரை போட்டீங்க?"

"நாலு."

"நாலா?"

"மூணு நாள் விட்டுப்போச்சு. அது மூணு. இன்னைக்கு உள்ளது ஒண்ணு."

"சேர்த்துப் போடச் சொல்லி யாரு சொன்னா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்."

அது நான் பேச வேண்டிய இடம். தொண்டை வரைக்கும் வந்தது. கடை, உரிமம், தெருவில் நாலு பேர் பேசுவது, எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா கோபப்படாமல்தான் பேசினார். "நல்லா கேட்டுக்கங்க. ஒரு நாள் மறந்துட்டா, அன்னைக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கிடுச்சுன்னா, மறந்தத மறந்துட்டு அந்த நேரத்துக்கு உள்ளத மட்டும் போடணும். எந்தக் காரணத்துக்காகவும் ரெண்டா சேர்க்கக் கூடாது. ரெண்டு மூணு நாள் விட்டுப்போச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது. உக்காந்து எழும்போது மெதுவா எழுந்திரிங்க."

நானும் கூடவே தலையாட்டினேன். எனக்குத் தெரியாததா? அதுதான் கொடுமை.

அண்ணியின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நரம்பு அறுந்திருந்தது. விரலை மடக்குகிற நரம்பு. தைத்துவிட்டார்கள், கட்டுப் பிரித்தபின் பயிற்சி செய்ய வேண்டும், வந்தால் வரும் என்றார்கள். எனக்கு அந்த 'வந்தால்' பிடிக்கவில்லை.

கண்ணாடிக் கடை ஐந்து வாரம் திறக்கவில்லை. சுவர் ஊமையாகிவிட்டது. கட்டரின் சத்தம் இல்லை, 'டக்' இல்லை, அண்ணியின் திட்டு இல்லை. கடையில் வானொலியைப் போட்டுப் பார்த்தேன். எரிச்சலாக இருந்தது, நிறுத்திவிட்டேன். சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன், ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட்டுக் கொடுப்பேன், கட்டுத்துணி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பேன். உட்கார்ந்து பேச மட்டும் மாட்டேன்.

ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து அண்ணி கடைக்கு வந்தார். வலது கையை மார்போடு சேர்த்துத் துணியில் தொங்கவிட்டிருந்தார்.

"தம்பி, அவரு மாத்திரைய நிறுத்திட்டாரு."

"எப்பலேர்ந்து அண்ணி?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாலாம் நாளே. நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெனமும் எடுத்து வாயில போடற மாதிரி போட்டுட்டு, பின்னாடி போய்த் துப்பியிருக்காரு. ஏன்யா இப்படிப் பண்றேன்னு கேட்டா, அத முழுங்கும்போது உன் கைதான் கண்ணு முன்னாடி வருதுங்கறாரு."

"தலவலி இருக்கா?"

"சொல்ல மாட்டேங்கறாரு. பிடரியப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. எத்தன நூல்யான்னு கேட்டேன். அதுக்கும் பதில் இல்ல." அண்ணியின் குரல் உடைந்தது. "என் கை போனாப் போவுது தம்பி. அவரு விழுந்துட்டார்னா நான் எந்தக் கையால தூக்குவேன்? நீ சொன்னாக் கேப்பாரு. வந்து ஒரு வார்த்த சொல்லு."

நான் சொன்னால் கேட்பாராம். ஆமாம், கேட்பார். கேட்டதால்தானே இத்தனையும்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்குக் காலையில அண்ணன் எங்கிட்டத்தான் வந்து கேட்டாரு. போட்டுக்கங்க, விட்டுடாதீங்கன்னு சொன்னது நான். எத்தனன்னு சொல்லல. ஒண்ணுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

அண்ணி கல்லாவுக்கு மேல் இருந்த பஞ்சு உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்றில் யாருடைய சன்னலோ அடித்துக்கொண்டது. அடிப்பார், திட்டுவார், காறித் துப்பிவிட்டுப் போவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கு டாக்டரம்மா கேட்டப்ப நீ அங்கதான நின்ன?"

"நின்னேன் அண்ணி."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? உன்ன நான் என்ன பண்ணிடப் போறேன்? வாய் தவறிப்போச்சுன்னு விட்டிருப்பேன். அஞ்சு வாரமா நான்தான் உன் கையக் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்னு அந்த மனுஷன் தன்னையே தின்னுக்கிட்டுக் கெடக்கறாரேப்பா. பாதியையாவது நீ தூக்கியிருக்கலாம்ல?"

கடைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு அண்ணி பின்னால் போனேன்.

அண்ணன் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் முக்காலிமேல் உட்கார்ந்திருந்தார். கம்பளிமேல் தூசி படிந்திருந்தது. கையை நீட்டச் சொன்னதும் நீட்டினார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

"அண்ணே, அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் சொன்னதாலதான் நீங்க நாலு போட்டீங்க."

"அது எதுக்கு இப்போ?"

"அன்னைக்கு ஏண்ணே டாக்டர்கிட்ட என் பேரச் சொல்லல?"

"உன் கடைக்கு எதுக்குப்பா வம்பு? கேட்டவன் நான். அளவெடுக்கறவன் ரெண்டு தடவ கேட்டுல்ல எடுக்கணும்? ஒரு தடவதான் கேட்டேன். அதுவும் நீ குனிஞ்சு வேலையா இருக்கும்போது."

"நான் நிமிர்ந்திருக்கணும்ண்ணே."

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தோரு வயசு ஆள், இன்னொருத்தர் கடையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு. அண்ணன் எழப் பார்த்தார்.

"மெதுவா எழுந்திருய்யா!" என்று அண்ணி கத்தினார். மெதுவாக எழுந்தார்.

அப்போதே டாக்டரம்மாவிடம் போனோம். இந்தத் தடவை வாயைத் திறந்தேன். யார் சொன்னது என்று நானே சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அது இன்னும் மனசிலிருந்து இறங்கவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கி எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை என் எதிரில்தான் அண்ணன் அதைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணுதான தம்பி?"

"ஒண்ணுதான்ண்ணே."

"ஒண்ணுதான?" என்று இன்னொரு தடவை கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த காற்றுக்காலம் வந்துவிட்டது. அண்ணியின் இரண்டு விரலும் மடங்கவில்லை. காலையும் மாலையும் வெந்நீரில் வைத்து, ஈரத்துணியைப் பிழிந்து, என்னவெல்லாமோ செய்து பார்த்தார். கரண்டி பிடிக்கிறார், சட்டைக்குப் பித்தான் போடுகிறார். கட்டர் மட்டும் விரலில் நிற்கவில்லை. இடது கையிலும் முயன்றார், கோடு பாம்பு மாதிரி போனது. கடைசியில் கட்டரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணனுடைய அழுத்தம் இப்போது ஒழுங்காக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு காலை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன வாரம் போனபோது அண்ணன் வெட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தை நனைத்தார், சட்டத்தை வைத்தார், இழுத்தார். கிர்ர்ரென்று முக்கால்வாசி போன சத்தம் ஓரிடத்தில் அறுந்து, மறுபடி பிடித்துக்கொண்டது. அண்ணன் கட்டரைத் தூக்கி, அறுந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

"கைய எடுய்யா! விட்டது விட்டதுதான். திரும்பப் போகா..."

அண்ணி பாதியில் நிறுத்திவிட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனுடைய கை கண்ணாடிக்கு மேலேயே நின்றது. பிறகு கட்டரை மெதுவாகக் கம்பளிமேல் வைத்தார்.

"இதத்தான அந்த டாக்டரம்மாவும் சொன்னாங்க" என்றார் அண்ணன். "முப்பது வருஷமா நீ சொல்லிக்கிட்டே இருந்திருக்க. என் காதுல ஏறலியே."

"அழுத்தி ஒடைய்யா" என்றார் அண்ணி.

அண்ணன் மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். விட்டுப்போன இடம் வரைக்கும் நேராக வந்த கண்ணாடி, அதற்குமேல் கோணிக்கொண்டு உடைந்தது. அண்ணி குனிந்து, நல்ல கையால் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

நான் கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் காதில் ஏறவில்லை, சரி. என் காதில் ஏறியதே. இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்தானே. அன்றைக்குக் காலையில், அண்ணி எப்போதும் சொல்கிறதையே அவருக்குத் திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், அவர் பாஷையிலேயே புரிந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இன்னொரு கண்ணாடி எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. கட்டர் ஓட ஆரம்பித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நடுவில் அறுந்தது.